நடைபாதைக்கு பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா?

எங்கள் சாலையைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது குடியிருப்போர் சார்பில் கூட்டங்களுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மரம், விளக்கு, நடைபாதையின் அகலம் எல்லாம் சீக்கிரமே முடிவாகிவிட்டன. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்து இடிக்காமல் கடக்க 1.8 மீட்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மேல்தளத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் இழுபறி. சிலர் கான்கிரீட் என்றார்கள். நான் பேவர் பிளாக், அதாவது மணல்மேல் நெருக்கமாகப் பதிக்கும் கற்கள், கேட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்தும் அதையேதான் கேட்பேன்.

கான்கிரீட்டின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். தளம் ஒரே சீராக இருக்கும், சக்கரங்கள் அதிராமல் ஓடும், இடுக்கில் புல் முளைக்காது. துடைப்பத்தால் கோடிழுத்து முடித்தால் மழையிலும் வழுக்காது. தரையை யாரும் தொடவே மாட்டார்கள் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆனால் தொடுவார்கள். நடைபாதைக்கு அடியில் குடிநீர்க் குழாய், மின்சாரக் கேபிள், இணையக் கேபிள் எல்லாம் போகின்றன. ஏதாவது ஒன்றுக்காக யாராவது தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பக்கத்துத் தெருவில் கான்கிரீட் நடைபாதை. அங்கே குழாய் கசிந்தபோது தளத்தை அறுத்து, உடைத்து, சரிசெய்தபின் புதுக் கலவையை ஊற்றினார்கள். காயும்வரை மக்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். அந்த ஒட்டு வேறு நிறத்தில் நின்றது. கொஞ்ச நாளில் ஓரம் தாழ்ந்து அங்கே தண்ணீர் தேங்கியது. வயதானவர்கள் கால் தடுக்குவது இப்படிப்பட்ட ஓரங்களில்தான்.

எங்கள் பக்கமும் ஒரு கசிவு வந்தது. கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கினார்கள், குழாயைச் சரிசெய்தார்கள், அதே கற்களைத் திரும்பப் பதித்து இடுக்குகளில் மெல்லிய மணலைத் தூவிக் கூட்டினார்கள். அன்று மாலையே அதன்மேல் நடந்தோம். அப்புறம் கேபிள் போட வந்தவர்கள் மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அந்த இடம் குழிந்தது. அது கல்லின் குற்றமில்லை. பள்ளத்தைச் சுமார் 150 மில்லிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எந்தத் தளமும் இறங்கும். கான்கிரீட்டாக இருந்தால் மறுபடி உடைப்பதுதான் வழி. இங்கே அந்தச் சில சதுர மீட்டரை மட்டும் பெயர்த்து அடித்தளத்தைச் சரிசெய்தோம். பலர் செய்யும் தவறு, குழியை மணல் கொட்டியே மேடாக்குவது. கல்லுக்கு அடியில் மணல் 25 முதல் 40 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் மறுபடி இறங்கும்.

பேவர் பிளாக் கேட்பவர்கள் சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உண்டு. இரண்டு ஓரமும் அசையாத கரைக்கல் வேண்டும். அது நகர்ந்தால் வரிசையே கலைந்துவிடும். நடப்பதற்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும். கார் ஏறி வீட்டு வாசலுக்குத் திரும்பும் இடங்களில் 80 மில்லிமீட்டர் கல்லை மீன்முள் வடிவத்தில் (ஒன்று குறுக்காக, அடுத்தது நெடுக்காக) பதியுங்கள், சக்கரத்தின் தள்ளலுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விளிம்பு அதிகம் சரிவில்லாத கல்லாக எடுங்கள். எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் போகும் ஒருவர் சொல்லித்தான், சரிவான விளிம்புகளால் உண்டாகும் பள்ளங்களில் சக்கரம் ஏறி இறங்கும் அதிர்வு எவ்வளவு வேதனை என்று எனக்குப் புரிந்தது. அதே நிறத்தில் கொஞ்சம் கற்களை வாங்கி வைத்துவிடுங்கள்; பெயர்க்கும்போது சில உடையத்தான் செய்யும்.

மர வேர்கள் விஷயத்திலும் பேவர் பிளாக் மேல் என்றே நினைக்கிறேன். மேடான இடத்தை மட்டும் எடுத்து மறுபடி பதிக்கலாம். ஆனால் எங்கள் மரங்கள் இன்னும் இளசு, நான் கண்ணால் பார்த்ததில்லை. கனரக வாகனங்கள் ஏறி நிற்கும் இடத்தைப் பற்றியும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரே இடத்தில் மட்டும் கான்கிரீட்டுக்கு ஒத்துக்கொண்டேன். சாலையைக் கடக்க நடைபாதை இறங்கும் சரிவுகள். 1:12 சரிவு (12 அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம்) கச்சிதமாக, விளிம்பில் படியே இல்லாமல் சாலையோடு சேர வேண்டும். அங்கே வார்த்த கான்கிரீட்தான் போட்டோம், இதுவரை ஒரு குறையும் இல்லை.