கடையா, இணையமா? வாங்கும் பொருளே சொல்லட்டும்

கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா என்ற பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. விலை முக்கியம்தான். ஆனால் இரண்டையும் பிரிக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் பொருளைப் பார்த்த பிறகு பணம் கொடுக்கிறோம். இணையத்தில் பணம் கொடுத்த பிறகு பொருளைப் பார்க்கிறோம். பொருள் வந்ததும் பணம் தரும் வசதிகூட இந்த வரிசையை மாற்றுவதில்லை. பெரும்பாலும் பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நாம் பார்த்திருப்பது அட்டைப்பெட்டியை மட்டுமே.

ஆகவே, எது மலிவு என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பொருளைத் தொடாமலே அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்க வேண்டும் என்பேன்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன், இணையக் கடைகள் பிறப்பதற்கு வெகு முன்பே, 1970இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே விசாரித்துத் தரத்தை அறியக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்தினால் மட்டுமே தரம் புலப்படுபவை இன்னொரு வகை. இன்றைய கேள்விக்கு இந்தப் பிரிவினை அழகாகப் பொருந்துகிறது. எழுத்தாலும் எண்ணாலும் முழுதாக விவரிக்க முடிகிற பொருளுக்கு இணையம் நல்லது. காலும் முதுகும் காதும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொருளுக்குக் கடைதான் நல்லது.

இணையம் வெல்லும் இடம்

அச்சுப்பொறிக்கான மைப்பெட்டி, ஒரு நூலின் குறிப்பிட்ட பதிப்பு, பழைய தையல் இயந்திரத்துக்கான உதிரிபாகம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் சரியாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும். தொட்டுப் பார்ப்பதால் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. எப்போதோ ஒருவர் கேட்கும் உதிரிபாகத்தை எந்தக் கடைக்காரராலும் அலமாரியில் அடுக்கிவைத்துக் காத்திருக்க முடியாது. எங்கோ தொலைவில் ஒரு கிடங்கில் கிடக்கும் அந்த ஒன்றைத் தேடுகிற ஒருவரின் கையில் சேர்ப்பதுதான் இணைய வணிகத்தின் உண்மையான சாதனை. தள்ளுபடிகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சில பொருள்களில் நேரில் பார்ப்பதே நம்மை ஏமாற்றும். டைப்-சி கேபிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கேபிள்களில் ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் மட்டுமே தகவலைக் கடத்தும். மற்றொன்று 40 ஜிகாபிட் வேகத்தில் கடத்தும். ஒன்று 60 வாட் வரை மின்சாரம் தாங்கும். இன்னொன்று 240 வாட் வரை தாங்கும். முனை ஒன்றுதான், தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் வேறுபாடு பிடிபடாது. இணையப் பக்கத்தின் விவரப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவருக்கே அது தெரியும்.

கடை வெல்லும் இடம்

காலணியில் கதை தலைகீழாகிறது. ஒரே எண் கொண்ட காலணி, ஒரு நிறுவனத்தில் விரலைக் கடிக்கும். இன்னொன்றில் குதிகாலில் தளர்ந்து தொங்கும். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் மோண்டோபாயிண்ட் என்ற பன்னாட்டு அளவுமுறை இருந்தும், அன்றாடக் காலணிகளில் அது பரவலாகவில்லை. நீளம் சரியாக அமைந்தாலும் அகலமும் மேற்பாதத்தின் உயரமும் ஆளுக்கு ஆள் மாறும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் கடைக்குப் போய் இரண்டு காலிலும் மாட்டி, நாலடி நடந்து பார்ப்பதற்கு நிகரான வழி எதுவும் இல்லை.

மெத்தை, நாள் முழுக்க உட்காரும் நாற்காலி, காதில் மாட்டும் ஹெட்போன், மூக்குக்கண்ணாடிச் சட்டம் எல்லாமே இந்த வகைதான். துணியின் நிறமும் அப்படியே. திரை தானே ஒளியை உமிழ்கிறது; துணியோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. படம் எடுத்த விளக்கு, படத்தைத் திருத்தியவரின் கை, நம் திரையின் வெளிச்சம் ஆகிய மூன்றையும் கடந்து வரும் நிறம், பெட்டியைப் பிரிக்கும்போது வேறொன்றாக இருப்பதில் வியப்பில்லை. விற்பனையாளர் பொய் சொல்லாமலேயே இது நடக்கிறது.

‘இணையம்’ ஒன்றல்ல, மூன்று

கடையையும் இணையத்தையும் ஒப்பிடுவோர் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். தயாரிப்பாளரின் சொந்த இணையதளம், பல விற்பனையாளர்கள் கூடி விற்கும் பெரிய சந்தைத் தளம், சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு நேரடியாக விற்கும் தனியார் என மூன்றும் மூன்று வேறு ஆபத்துகள் கொண்டவை.

தயாரிப்பாளரின் தளத்தில் போலிப் பொருள் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. வாரண்டி குறித்த குழப்பமும் குறைவு. விலை மட்டும் இறங்காது. சமூக ஊடக விற்பனையாளர்களில் அருமையான கைவினைஞர்களும் இருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் காணாமல் போகும் கணக்குகளும் இருக்கின்றன. முன்பின் தெரியாத கணக்குக்கு வங்கி வழியே நேரடியாகப் பணம் அனுப்பினால், அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அந்தப் பொருள் வேறெங்கும் கிடைக்காது, விற்பவரை நன்கு அறிந்தவர் ஒருவர் உறுதி சொல்கிறார் என்ற இரண்டும் சேர்ந்தால் ஒழிய, அங்கே வாங்காதீர்கள்.

சந்தைத் தளம்தான் பலருக்கும் பழக்கமானது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. தளத்தின் பெயரை நம்பி வாங்குகிறோம். பொருளை விற்பவரோ வேறொருவராக இருக்கலாம். ஒரே பொருளை ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் விற்பார்கள். முன்னிலையில் யார் பெயர் வருகிறது என்பதைத் தளத்தின் கணினி நிரல்தான் முடிவு செய்கிறது. ‘விற்பவர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும் வரியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். நேற்று நல்ல பொருள் தந்த அதே பக்கத்தில் இன்று விற்பவர் மாறியிருக்கலாம்.

மெமரி கார்டில் இந்த ஆபத்து அப்பட்டமாகத் தெரியும். போலி கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதிவிடுகிறார்கள். உண்மைக் கொள்ளளவு கொஞ்சமாக இருந்தாலும், கணினியில் செருகினால் உறையில் அச்சிட்ட பெரிய எண்ணையே அது காட்டும். முதலில் சேமித்த படங்கள் சரியாகவே திறக்கும். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின்னர் சேமிப்பவை தொலைந்துபோகும். திருமணப் படங்களும் குழந்தையின் முதல் அடிகளும் இப்படி அழிந்தால் எந்த ரீஃபண்டும் அவற்றை மீட்டுத் தராது. எனவே புதிய கார்டு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், அதை முழுதாக நிரப்பி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டிவிடுங்கள். போலி கார்டு கடையிலும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடைக்காரர் நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார்.

விலை, நட்சத்திரம், கடிகாரம்

நட்சத்திர மதிப்பீட்டின் சராசரியை நான் பார்ப்பதே இல்லை. மூன்று நட்சத்திரக் கருத்துகளைத்தான் தேடிப் படிக்கிறேன். ஐந்தில் விளம்பரமும் ஒன்றில் ஆத்திரமும் கலந்திருக்கும். மூன்று கொடுத்தவர் பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, குறையையும் நிறையையும் எழுதியிருப்பார். கருத்துகள் இதே பொருளைப் பற்றியவைதானா என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய பொருளின் பக்கத்தையே வைத்துக்கொண்டு, படத்தையும் தலைப்பையும் மாற்றி வேறொரு பொருளை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவர்க்கடிகாரத்தின் பக்கத்தில் ‘துணி மிருதுவாக இருக்கிறது’ என்று யாராவது பாராட்டியிருந்தால் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

தள்ளுபடி விஷயத்தில், அடித்துக் காட்டிய பழைய விலை உண்மையில் எப்போதாவது இருந்ததா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே ஒரு விதி வகுத்து, 2022 மே முதல் நடைமுறைப்படுத்தியது. தள்ளுபடியை அறிவிப்பவர், குறைந்தது அதற்கு முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். அத்தகைய விதி இல்லாத இடங்களில் நாமே விலையைச் சில வாரம் குறித்துவைத்துப் பார்க்கலாம். விலை வரலாற்றைக் காட்டும் தளங்களும் இருக்கின்றன.

‘இன்னும் ஒன்றுதான் மீதம்’, ‘பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ போன்ற அவசரங்கள், கேட்காமலே கூடையில் சேர்ந்துவிடும் காப்பீடு, சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் இருக்கும் சந்தா இவற்றையெல்லாம் பிரிட்டனைச் சேர்ந்த இணையதள வடிவமைப்பு வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010 முதலே தொகுத்து அம்பலப்படுத்தினார். கடையிலும் விற்பனையாளர் நெருக்குவார். ஆனால் அங்கே வரிசையில் நிற்கும் நேரமும், பையைத் திறந்து பணத்தை எண்ணும் நேரமும் நமக்குச் சொந்தமாக இருந்தன. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. 2017இல் அது காலாவதியானது. யோசிக்கும் இடைவெளியை நீக்குவதற்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அட்டை விவரங்களைத் தளத்தில் சேமிக்காமல் விட்டாலே அந்த இடைவெளியில் பாதி நமக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

திருப்பிக் கொடுப்பது

பிடிக்காததைக் கடையில் மாற்றுவது எளிது, இணையத்தில் கடினம் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் சில இடங்களில் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரலாம். பார்க்காமல் வாங்கியவருக்குப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்பதுதான் நியாயம். கடையில் பார்த்து வாங்கிய, பழுதில்லாத பொருளுக்கு அந்த ஒன்றியச் சட்டத்தில் இப்படியோர் உரிமை இல்லை. மாற்றித் தருவது பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பம். நீங்கள் அளவு சொல்லிச் செய்யவைத்த பொருளுக்கோ, உறையைப் பிரித்துவிட்ட மென்பொருளுக்கோ இணையத்திலும் அந்த உரிமை கிடையாது. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதை விலை உயர்ந்த பொருள் வாங்கும் முன்பு ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆனால் உரிமை வேறு, உழைப்பு வேறு. பெரிய அலமாரியை மறுபடி பெட்டியில் கட்டி, கூரியர் ஆளுக்காக நாள் முழுக்கக் காத்திருப்பது எளிதல்ல. திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை ஆர்டர் போடும் முன்பே பார்க்க வேண்டும். கனமான பொருளைக் கடையில் வாங்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுவே.

யாருக்கு எது

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்கும் போக முடிகிறவர்களுக்கான கணக்கு. படியேற முடியாதவர், படுக்கையில் இருக்கும் பெற்றோரை விட்டு நகர முடியாதவர், இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவர், அருகில் கடையே இல்லாத இடத்தில் வாழ்பவர் ஆகியோருக்கு இணையம் வெறும் வசதி அல்ல, அவர்களின் சுதந்திரம். பெரியவர்களுக்கான டயப்பரையோ உள்ளாடையையோ அந்நியர் முன்னால் கேட்டு வாங்கக் கூசுகிறவருக்கும் அது பெரிய நிம்மதி. இவர்களை ‘சோம்பேறிகள்’ என்று பொதுவாகச் சாடும் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது.

அவர்களுக்கும் நமக்கும் பொதுவான கவலை பணத்தின் பாதுகாப்பு. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்லது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். தகவல் வழியில் திருடப்படாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடர் இல்லை என்று அது சொல்லவே இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையின் காரணமாகத்தான் கூகுள் 2023இல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. புதிய தளத்தில் வாங்கும்போது, முடிந்தால் கிரெடிட் கார்டில் பணம் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் கார்டு வழங்கிய வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து முறையிட அதில் வழி உண்டு. பார்சல் தடைபட்டிருக்கிறது, சிறிய தொகை கட்டினால் வந்துவிடும் என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், ஆர்டர் போட்ட தளத்தின் செயலியைத் திறந்து அங்கே நிலவரத்தைப் பாருங்கள். ஓடிபியை யார் கேட்டாலும், அது எதற்கான ஓடிபி என்பதைச் செய்தியிலேயே முழுதாகப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.