குமரி மாவட்டக் கணக்கு வேண்டுமா? சென்சஸ் இணையதளத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்

கடை வைக்க, ஸ்கேன் சென்டர் திறக்க, பேங்க் லோனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் போட என்று ஆள்கணக்கும் தொழில்கணக்கும் தேவைப்படுகிறவர்கள் யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இந்திய சென்சஸ் இணையதளத்தில் ஊர்வாரியாக, நகரம் என்றால் வார்டுவாரியாக, எக்செல் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வளவு நுணுக்கமான கணக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: எல்லாம் 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. அடுத்த கணக்கெடுப்புக்கான நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தேடும்போது மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு 'என்' போட்டு, அடுத்து 'ஐ' சேர்த்து, Kanniyakumari என்று எழுதுங்கள். சென்சஸ் எழுதுவது அப்படித்தான்.

கோப்பைத் திறந்ததும் பலரும் சறுக்குவது கூட்டலில். மாவட்டம், தாலுகா, ஊர், வார்டு எல்லாம் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். போதாததற்கு மொத்தம், கிராமம், நகரம் என்று தனித்தனி வரிகளும் உண்டு. ஃபில்டர் போடாமல் கூட்டினால் ஒரே ஆளைப் பலமுறை எண்ணுவீர்கள். மாவட்ட மொத்தம் 18,70,374 வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். எழுத்தறிவு விகிதத்துக்கு மொத்த ஆள்தொகையால் வகுக்கக் கூடாது. 0–6 வயதுப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அப்போதுதான் மாவட்டத்துக்கு 91.75 சதவீதம் என்ற சரியான எண் வரும்.

தொழில் பத்திகளில்தான் இன்னும் கவனம் வேண்டும். சென்சஸ் விதிப்படி ரப்பர், தென்னை, கமுகு வளர்ப்பது 'சாகுபடி' ஆகாது. ஆகவே குலசேகரத்து ரப்பர் தோட்டக்காரரும் ஈத்தாமொழித் தென்னந்தோப்புக்காரரும் 'விவசாயி' பத்தியில் இருக்க மாட்டார்கள். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, குளச்சல் மீனவர், கொத்தனார், பேங்க் ஊழியர் எல்லாரும் 'பிற தொழிலாளர்' என்ற ஒரே பத்தியில் கிடப்பார்கள். அந்தப் பத்தி பெருத்திருப்பதைப் பார்த்து, இங்கே விவசாயம் செத்துப்போனது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

வருமானத்தை சென்சஸ் கேட்பதே இல்லை. வளைகுடாவில் இருப்பவர் கணக்கிலும் வரமாட்டார், அவர் அனுப்பும் பணமும் வராது. வேலை செய்யாதவர் அதிகம் என்று காட்டும் ஊரில் வாங்கும் சக்தி நன்றாகவே இருக்கலாம்; அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001-இல் அது 65 சதவீதம். அந்தப் பத்தாண்டில் மாவட்ட ஆள்தொகை கூடியது 11.6 சதவீதம்தான், தமிழ்நாட்டின் 15.6 சதவீதத்தைவிடக் குறைவு. அதாவது வெளியிலிருந்து சனம் வந்து குவியவில்லை. ஏற்கெனவே ஆள் இருந்த கிராமங்கள் பல, சென்சஸின் 'நகரம்' பட்டியலுக்குள் வந்தன. பேரூராட்சி எல்லைக்குள்ளேயே ரப்பர் தோட்டம் இருக்கும் மாவட்டம் இது. 'நகர்ப்புறம்' என்று பார்த்ததும் கடைத்தெருவைக் கற்பனை செய்து வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கோப்பில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் மட்டுமே உண்டு. திருவட்டாறும் கிள்ளியூரும் பிற்பாடு வந்தவை. அவற்றுக்கு ஊர் ஊராகப் பொறுக்கிக் கூட்ட வேண்டும். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பழைய வார்டு எண்ணை இன்றைய வார்டோடு பொருத்தாமல், தெருப்பெயரை வைத்துச் சரிபாருங்கள்.