கடலோரத்தில் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரா? முதலில் அடியைப் பாருங்கள்

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் ஒரு கார் வியாபாரியிடம் வாங்கினேன், இரண்டு கதவு டர்போ பெட்ரோல் வண்டி. லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன், காட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புக் கோட்டிங். "உப்புக்காத்துக்காக அடிச்சது சார், பொட்டுத் துரு கிடையாது" என்று அடித்துச் சொன்னார்.

உச்சிப்புளி தாண்டிப் பஞ்சர். ஜாக்கியை வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்தேன், வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் தகட்டுக்குள் போனது. கோட்டிங் தோல் தோலாக உரிய, உள்ளே செதில் செதிலாகத் துரு, அதோடு கடல் மணலும் பொடிச் சிப்பியும் கொட்டின. அலைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டி. மெக்கானிக் பார்த்தபோது பிரேக் பைப்பும் அரித்திருந்தது. ஆள் உயிர் போகிற விஷயத்தைப் பெயின்ட் அடித்து மூடி விற்றிருக்கிறார், இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை.

1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்திலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். கார் தகடு எம்மாத்திரம்?

அதனால் புதுக் கோட்டிங் தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழ்த் தகடு எல்லாம் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும். தட்ட விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். ஸ்டெப்னிக்கு அடியில் மணல் இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உப்புக்கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருப்பார்கள் (சில வண்டிகளில் பானெட்டே அலுமினியம், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்).

இன்ஜினை நீங்கள் போகுமுன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், சூடான இன்ஜினில் பல கோளாறு தெரியாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, காரணம் டர்போ கோளாறாகவும் இருக்கலாம். வண்டிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் ஸ்கேனரில் எரர் இல்லை என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள், ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் எரரை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். டயரில் 2319 என்றிருந்தால் 2019ன் 23வது வாரம் தயாரித்தது. வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் தெரிந்துவிடும்.

அப்புறம், துரு இல்லை, தண்ணீரில் இறங்கவில்லை என்று சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். விற்றவர் வியாபாரி என்றால் 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், வண்டிக்குக் கொடுத்தது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. நான் போடப் போகிறேன்.