சோனிக் விஷுவலைசர்: ஒற்றைக் குரலுக்கு உத்தமம், கச்சேரிக்குச் சுமார்

தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தைப் பற்றி ஆய்வேட்டில் ஓர் இயல் எழுத வேண்டும். ‘இந்த ஸ்வரம் அசைத்துப் பாடப்படும்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டால் என் நெறியாளர் விடமாட்டார். எங்கிருந்து எங்கே அசைகிறது, எவ்வளவு வேகத்தில், எல்லாப் பிடிகளிலும் (ஸ்வரக் கோவைகளிலும்) ஒரே மாதிரியா என்று குடைவார். அதற்காகத்தான் சோனிக் விஷுவலைசரை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டேன். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் இசை மையத்தில் உருவான, ஒலிப்பதிவைத் திரையில் படமாகக் காட்டும் மென்பொருள் இது. விலை கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத ஆய்வு மாணவர்களுக்கு இதிலேயே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

ஒலிக்கோப்பைத் திறந்தால் முதலில் ஒலியலை தெரியும். அதன்மேல் நமக்கு வேண்டிய அடுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம்: ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் வண்ணப் படம்), சுருதிக் கோடு, தாளப் புள்ளிகள், நாம் எழுதும் குறிப்புகள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்கும் வசதியும் உண்டு. பிருகாக்களை, அதாவது அதிவேக ஸ்வர உருட்டல்களைப் பிரித்துக் கேட்க இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

புதிதாக இறங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஸ்பெக்ட்ரோகிராமில் சாளர அளவு என்று ஓர் அமைப்பு இருக்கிறது; ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து அலச வேண்டும் என்பதே அது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் பதிவான பாட்டுக்கு 1024 என்ற அளவை வைத்தால், இரண்டு அதிர்வெண் கட்டங்களுக்கு இடையே சுமார் 43 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்குரலுக்கு ஆதார ஷட்ஜம் (ஸ) ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸில் நிற்கும். அதற்கு மேலே இருக்கும் சுத்த ரிஷபம் (ரி) 209 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் பதின்மூன்றே ஹெர்ட்ஸ் என்கிறபோது, 43 ஹெர்ட்ஸ் கட்டத்துக்குள் ஸரி என்ற இரண்டு ஸ்வரங்களும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும். 4096க்கு ஏற்றினால் கட்டம் 11 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கி, ஸ்வரங்கள் பிரியத் தொடங்கும். 8192க்குப் போனால் சுருதி இன்னும் துல்லியமாகும், ஆனால் ஒரு சாளரமே கிட்டத்தட்ட 0.19 நொடி நீளும். வேகமான கமகம் (ஸ்வர அசைவு) அதற்குள் கரைந்து வெறும் புகையாகத் தெரியும். நான் 4096இல் நிறுத்திக்கொண்டு, அடிப்படை அதிர்வெண்ணைப் பார்க்காமல் அதன் நான்கு மடங்கில் ஒலிக்கும் மேற்சுரத்தைப் பார்க்கிறேன். அங்கே அதே ஸவுக்கும் ரிக்கும் இடைவெளி நான்கு மடங்காகி, 52 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. கண்ணுக்கு நன்றாகவே எட்டும்.

சுருதியைக் கோடாகவே பார்க்க வேண்டும் என்றால் ‘வாம்ப்’ வகைச் செருகுநிரல்கள் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) தேவை. இவற்றைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். 2014இல் வெளியான ‘பி-யின்’ ஒற்றைக் குரலுக்கானது. வீட்டில், காதுக்கருவியில் தம்பூராவைக் கேட்டுக்கொண்டே, மைக்கில் குரல் மட்டும் விழும்படி பதிவு செய்து கொடுத்தேன். வந்த கோடு அவ்வளவு சுத்தம். பாட்டு டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோடியில் ‘கா’ என்று நிறுத்திப் பாடிய இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடு ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஏறி ஏறி இறங்குகிறது. நாங்கள் காந்தாரம் என்று சொல்லும் உயரத்தில் அது ஒரு கணமும் தங்கவில்லை, கடந்து மட்டும் போகிறது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். “இதைத்தானேடி ரிமரிம என்று சொல்லிக்கொடுத்தேன், இதற்கு லண்டனிலிருந்து ஆள் வர வேண்டுமா?” என்றார். வரத்தான் வேண்டியிருக்கிறது டீச்சர், உங்கள் வாய்மொழியைப் பல்கலைக்கழகம் சான்றாக ஏற்காதே.

ஏட்டில் ‘க’ என்று ஓர் எழுத்து, குரலில் இவ்வளவு நடமாட்டம். சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலை அச்சேற்றியபோது ஸ்வரங்களின் தலைமேல் கமகக் குறிகள் போட்டதன் அருமை, இந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்குக் கூடுதலாகவே விளங்கியது. அவருடைய குறிகளையும் திரையில் தெரியும் கோட்டையும் ஒரே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இப்போது என் இயலின் உயிர்நாடி.

கச்சேரிப் பதிவைக் கொடுத்தால் கதை வேறு. வயலின் குரலை நிழலாகத் தொடர்கிறது, தம்பூரா விடாமல் ஒலிக்கிறது, மிருதங்கமோ சுருதி சேர்த்த வாத்தியம். இவை எல்லாம் கலந்த ஒலியில் பி-யின் தடுமாறுவது இயற்கை, அது அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. கூட்டு இசையிலிருந்து பிரதான மெட்டைப் பிரித்தெடுக்கவென்று பார்சிலோனாவில் உருவான ‘மெலோடியா’ என்ற செருகுநிரல் அங்கே எவ்வளவோ மேல். அதிலும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் கோட்டைக் குரலின் கோடாகக் காட்டிவிடும். காதை வைத்துத்தான் களையெடுக்க வேண்டும். பழைய வானொலிப் பதிவுகளை நம்பி ஆய்வுத் தலைப்பு எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. பார்சிலோனாவின் அதே பாம்பேவ் ஃபப்ரா பல்கலைக்கழகம் நடத்திய காம்ப்மியூசிக் என்ற கணினிவழி இசை ஆய்வுத் திட்டத்தில் கர்நாடகக் கச்சேரிகளைக் குரல் தனி, வயலின் தனி எனப் பல தடங்களாகச் சேகரித்து ‘சரகா’ என்ற தொகுப்பாக ஆய்வுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

எனக்கு மிகவும் உறுத்தும் குறை, ஸ எங்கே இருக்கிறது என்று இந்த மென்பொருளுக்குச் சொல்ல வழியில்லாதது. இடப்பக்கம் பியானோக் கட்டைகளைக் காட்டும், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களைச் சொல்லும். நம் பாடகர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. எனவே சுருதிக் கோட்டை சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுத்து, விரிதாளில் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் ஷட்ஜத்தின் அதிர்வெண்ணால் வகுத்து, அந்த விகிதத்துக்கு 2இன் அடிமானத்தில் மடக்கை கண்டு, 1200ஆல் பெருக்கி சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 என்ற இடைவெளி அளவு) கணக்காக்க வேண்டும். ஒருமுறை சூத்திரம் போட்டு வைத்துக்கொண்டால் பிறகு இழுத்துவிடுவதுதான் வேலை. ஆனால் கணக்கென்றால் ஓடி வந்து இசைத்துறையில் சேர்ந்தவர்களுக்கு இந்த இடம் கசக்கும்.

சொந்தமாக உருப்படி இயற்றுபவர்களுக்கும் இது உதவும் என்பது நான் எதிர்பாராதது. மெட்டமைத்ததும் பாடிப் பதிவு செய்து, ஓடவிட்டுக்கொண்டே அரைப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு தட்டும் நேரக்கோட்டில் ஒரு செங்குத்துக் கோடாக விழும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் வரிசையாக நிற்க, பின்னால் ஸ்பெக்ட்ரோகிராமில் சாகித்யத்தின் உயிரொலிகள் எவ்வளவு நீள்கின்றன என்று பார்க்கலாம். குறிலை இழுத்து நெடிலாக்கிய இடம், சொல் நடுவில் முறிகிற இடம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) தள்ளிப்போன இடம் எல்லாம் மறைக்க முடியாமல் வெளிப்பட்டுவிடும். தமிழில் வர்ணம் எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்கலாம்.

ஆய்வேடுகளில் இந்த மென்பொருளின் வண்ணப் படங்கள் பக்கம் பக்கமாக வருவதைப் பார்க்கிறேன். சாளர அளவு என்ன, எந்தச் செருகுநிரல், ஷட்ஜம் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற விவரம் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட படம் அட்டைக்கு ஆகும், ஆதாரத்துக்கு ஆகாது. இன்னும் சிலர் இதை வைத்து, ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டா இருபத்து நான்கா என்ற பஞ்சாயத்தைத் தீர்த்துவிடலாம் என்கிறார்கள். இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1916இல் பரோடா இசை மாநாட்டில் தம் மகள்களைக் கொண்டு இசைத்துக் காட்டியும், மறு ஆண்டு கருணாமிர்த சாகரம் என்ற நூலை வெளியிட்டும் ஓயாத வழக்கு அது. ஒரே இடத்தில் நிற்காத காந்தாரத்துக்கு எந்தப் புள்ளியை அளந்து எந்தச் சுருதி என்று பெயர் வைப்பது?

வாங்க வேண்டியதில்லை, இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். தனிக்குரல் மட்டுமே உங்கள் வேலை என்றால், அதே மையத்தின் ‘டோனி’ இன்னும் சுருக்கமானது. தவறாக விழுந்த கோட்டைக் கையால் திருத்தவும் விடும். எதில் வேலை செய்தாலும் ஒலிக்கோப்பை முதலிலேயே ஒரு நிரந்தர இடத்தில் வையுங்கள். விஷுவலைசர் சேமிக்கும் அமர்வுக் கோப்பில் ஒலி இருக்காது, அது இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். நெறியாளருக்கு அனுப்பும்போது இரண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.