சர்க்கரை சென்சார்: நீரிழிவு இல்லாதவர் தன்மீதே சோதனை செய்துபார்க்க உதவுமா?

மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரங்களுக்கு இரவு பகலாகச் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும் சென்சார், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பெரும்பாலும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் கருவியாகவே இருந்தது. இப்போது நீரிழிவு இல்லாதவர்களும், குறிப்பாக உணவு, உறக்கம், வேலைத்திறன் ஆகியவற்றை அளந்து பார்த்துச் சீர்செய்ய விரும்புகிறவர்களும், அதை வாங்குகிறார்கள். இன்சுலின் பயன்படுத்தாத பெரியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் அனுமதி அளித்தது. நம் ஊரில் மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் இவ்வகைச் சென்சார்கள் கிடைக்கின்றன. நான் வாங்கியது 5,000 ரூபாயை ஒட்டிய விலையில். என் தேவை மிகக் குறுகியது: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தால் கண் செருகுகிறதே, அதற்குச் சோறுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். இங்கே சொல்லப்போவது ஏறக்குறைய இவ்வகைக் கருவி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயர் தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் பத்து ரூபாய் நாணயத்தின் அளவை ஒட்டிய ஒரு வெள்ளை வில்லையும் அதைக் கையில் பொருத்துவதற்கான ஒரு கருவியும் இருக்கும். அழுத்தியவுடன் ஊசி ஒன்று உள்ளே சென்று, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள வளையக்கூடிய மெல்லிழையைத் தோலுக்கு அடியில் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த இழையில் பூசப்பட்டிருக்கும் நொதி குளுக்கோஸுடன் வினைபுரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் வில்லை அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. ஆனால் இழை நிற்பது இரத்தத்தில் அன்று. உயிரணுக்களுக்கு இடையே உள்ள திரவத்தில். இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அது அந்தத் திரவத்தை எட்டச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், திரையில் நாம் பார்க்கும் எண் எப்போதும் சற்றுப் பழைய செய்தியே.

துல்லியத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆகவே அதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று சந்தையில் உள்ள நல்ல சென்சார்களின் அளவு ஆய்வக அளவிலிருந்து சராசரியாக 8 முதல் 10 விழுக்காடு வரை விலகியிருக்கும். சராசரி என்பதால் சில நேரங்களில் இதைவிடவும் கூடுதலாகவே விலகும். உண்மையில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் (இங்கே வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்) இருக்கும்போது திரை 90 என்றும் காட்டலாம், 112 என்றும் காட்டலாம். இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவருக்கு ஏற்றமும் இறக்கமும் உயிர்ப் பிரச்சினை. 60க்கும் 260க்கும் இடையே அலைகிறவருக்கு இந்த விலகல் பொருட்டன்று. நலமாக உள்ளவரின் சர்க்கரை நாள் முழுவதும் மிகக் குறுகிய வரம்புக்குள்ளேயே நகர்கிறது. அங்கே கருவியின் பிழையும் உடலின் மாற்றமும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுகின்றன. பொருத்திய முதல் நாள் காட்டும் எண்களை நம்பக் கூடாது. அந்தக் கையின்மேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தால் அளவு பொய்யாகத் தாழ்ந்து, நள்ளிரவில் எச்சரிக்கை ஒலி எழும். வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டால் சில சென்சார்கள் பொய்யாக உயர்த்திக் காட்டுகின்றன. இவை கையேட்டிலும் இருக்கின்றன, மிகச் சிறிய எழுத்தில்.

இக்கருவியை வைத்துத் தன்மீதே சோதனை செய்கிறவர்கள் முன்னோடியாகச் சுட்டுவது ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைனை. பன்னிரண்டாம் வயதிலிருந்து முதல் வகை நீரிழிவோடு வாழ்ந்த அந்த அமெரிக்கப் பொறியாளர், 1970ஐ ஒட்டிய காலத்தில், மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டுமே விற்கப்பட்ட ஒரு சர்க்கரைமானியைத் தம் மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். அதன் விலை 650 டாலர்; எடை ஒரு கிலோவுக்கு மேல். நாளொன்றுக்குப் பல முறை விரலைக் குத்தி அளந்து, உணவையும் இன்சுலினையும் சிறிது சிறிதாக மாற்றி, தம் சர்க்கரையைச் சீராக்கிக் காட்டினார். அதை மருத்துவ உலகம் ஏற்காததால் நாற்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவம் படித்து மருத்துவராகவே ஆகிவிட்டார். வியக்கத்தக்க வரலாறுதான். எனினும் அவருக்கு அளக்க ஒரு நோய் இருந்தது. மாற்றத்தைக் காட்டப் பெரிய இடைவெளி இருந்தது. நோயற்றவர் அதே வழியில் இறங்கும்போது கருவிக்குச் சோதனையைத் தாங்கும் வலு இருக்கிறதா என்பதே என்னுடைய கேள்வி.

அதனால் சோதனையின் அமைப்பில் கண்டிப்பாக இருந்தேன். ஒரு சென்சாருக்குள்ளேயே ஒப்பிடுவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வது, சோற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்தே பரிமாறிக்கொள்வது, சாப்பிடும் நேரத்தை மாற்றாமல் வைப்பது என்பவை விதிகள். இன்று எந்த முறையில் சாப்பிடுவது என்பதை நானே முடிவு செய்தால், களைப்பான நாளில் எளிய வழியைத் தேர்ந்துவிடுவேன். ஆகவே திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்தேன். வீட்டில் இதற்குக் கிடைத்த கேலி தனிக் கதை. சாப்பிட்டபின் மாலை வரை, மணிக்கொரு முறை விழிப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை கைப்பேசியைத் திறப்பதில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டால், 150ஐக் கண்ட உடனேயே தூக்கம் வந்துவிடும்.

உணவைப் பொறுத்தவரை சென்சார் தன் விலைக்கு ஓரளவு நியாயம் செய்தது. பொரியலையும் சுண்டலையும் முதலில் உண்டு முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவதும், எல்லாவற்றையும் பிசைந்து ஒன்றாக உண்பதும், அதே உணவு, அதே அளவாக இருந்தும், திரையில் வேறு வேறு கோடுகளாகவே தெரிந்தன. முதல் முறையில் ஏற்றம் தாழ்வாகவும் மெதுவாகவும் இருந்தது. இது எனக்கு மட்டும் நேர்ந்த புதுமை அன்று. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த அளவு, மாவுச்சத்தை முதலில் உண்டபோது இருந்ததைவிட ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருந்தது. உண்ட உடனே தெருவில் பதினைந்து நிமிடம் நடந்துவருவதும் ஏற்றத்தைத் தெளிவாகத் தணித்தது. இட்லி நான் எண்ணியதைவிட வேகமாக ஏற்றியது; சட்னியில் தேங்காய் அதிகமான நாளில் கோடு சற்றே தாழ்ந்தது என்றாலும், கருவியின் பிழை வரம்பை நினைவில் வைத்தால் அதை நான் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

பழைய சோற்றைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. சமைத்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிமானத்துக்கு எளிதில் இடங்கொடாத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மையே. அதை நம்பித் தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிட்டு, கோடு தாழ்ந்ததைப் படம்பிடித்துப் பலர் பகிர்கிறார்கள். கிண்ணம் அதேதான், ஆனால் அதில் பாதி தண்ணீர்! சோற்றை மட்டும் வடித்து நிறுத்துச் சாப்பிட்டபோது எனக்குக் கிடைத்த வேறுபாடு சுடுசோற்றைவிடச் சிறிதளவே. பழைய சோறு நல்ல உணவுதான். அதற்குச் சென்சாரின் சான்றிதழ் தேவையில்லை.

வாங்கிய நோக்கத்துக்கு வருகிறேன். மதிய மந்தத்துக்கும் திரையில் தெரிந்த ஏற்றத்துக்கும் இடையே நான் நம்பத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. கோடு தாழ்வாக இருந்த நாள்களிலும் மூன்று மணி வாக்கில் விழிப்பு மதிப்பெண் இரண்டுக்கு இறங்கியது. கல்யாண விருந்தில் பாயசம் வரை உண்டு கோடு கூரையைத் தொட்ட நாளில் அது நான்கில் நின்றது, பேச்சுத் துணை இருந்ததாலோ என்னவோ. குறிப்பேட்டைப் புரட்டியபோது மதிப்பெண்ணோடு ஒட்டி நகர்ந்தது முந்தைய இரவின் உறக்கமே. இதற்கும் விளக்கம் உண்டு: பிற்பகலில் விழிப்பு குறைவது உடற்கடிகாரத்தின் இயல்பு, மதிய உணவே உண்ணாதவர்களிடமும் அது தெரிகிறது. நிறைய உண்டால் அது கூடலாம், ஆனால் தொடங்கிவைப்பது உணவு மட்டும் அன்று. என் கேள்விக்கு விடை கொடுத்தது 5,000 ரூபாய்க் கருவி அன்று, அதன் அருகில் கிடந்த குறிப்பேடு. கருவி இல்லாதிருந்தால் குறிப்பேட்டை இவ்வளவு ஒழுங்காக எழுதியிருப்பேனா என்று கேட்டால், அது வேறு விஷயம்.

செயலிதான் இத்தொகுப்பின் மிகப் பலவீனமான பகுதி. ஒவ்வொரு உணவுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. எந்தக் கணக்கில் என்று எங்கும் சொல்வதில்லை. 140ஐத் தாண்டினால் கோடு செம்மஞ்சளாக மாறி, ஏதோ குற்றம் நடந்ததுபோன்ற அறிவிப்பு வருகிறது. நீரிழிவு இல்லாத 153 பேர் சென்சார் அணிந்து பங்கேற்ற, 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவர்களும் நாளொன்றுக்குச் சராசரியாக அரை மணி நேரம் 140க்கு மேல் இருந்தார்கள். எனவே உண்டபின் சிறிது நேரம் அந்த எல்லையைக் கடப்பது உடலின் வழக்கமே தவிர நோயின் அறிகுறி அன்று. இந்தச் செய்தியைச் செயலி ஓரிடத்திலாவது சொல்லியிருந்தால், முதல் நாள்களில் சோற்றை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருந்திருக்காது. ஒரே உணவை இருமுறை உண்டாலும் ஒரே ஆளின் கோடு கணிசமாக மாறுபடும் என்று அண்மைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே ஒரு முறை உண்டு பார்த்துத் தோசைக்கு 41 மதிப்பெண் என்று தீர்ப்பளிப்பது அந்த வகையில் பொருளற்றது. ஆலோசகர் சேவை என்று மாதச் சந்தாவில் தனியே விற்கிறார்கள். இலவசமாகக் கிடைத்த தொடக்கக் காலத்தில் வந்த செய்திகள் எவருக்கும் அனுப்பக்கூடியவையாகவே இருந்தன, சந்தா கட்டவில்லை.

நம் வெயிலில் வில்லை ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு பாடு. வியர்வையில் ஓரம் எழும்புகிறது. சட்டைக் கையும், நெரிசலான பேருந்தில் உரசும் தோள்களும் மீதி வேலையைச் செய்கின்றன. மருந்துக்கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியை ஓரங்களில் ஒட்டினால் தாங்குகிறது. குளிக்கலாம், ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்தக் கையின் பின்புறத்தை விட்டுவிட வேண்டும். பார்ப்பவர்கள் எல்லாரும் சர்க்கரை வந்துவிட்டதா என்று கவலையோடு கேட்பார்கள். இல்லை என்றால் பிறகு ஏன் என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது முதலாவதைவிடக் கடினம்.

யார் வாங்கலாம் என்றால், கேள்வியைக் காகிதத்தில் எழுதி, அதற்கு விடையாக எந்த இரண்டு உணவுகளை ஒப்பிடப்போகிறோம் என்பதையும் தீர்மானித்த பிறகு ஒரே ஒரு முறை வாங்கலாம். இரண்டாவது சென்சாரை நான் வாங்கவில்லை. முதலாவது சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதனிடம் எதுவும் இருக்குமென்று தோன்றவில்லை. தனக்கு நீரிழிவு இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவருக்கு இது சரியான வழியே அன்று. சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி, அப்படிப்பட்ட நாட்டில் ஐயம் நியாயமானதே. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்ப்பது சில நூறு ரூபாயில் முடியும் வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையுமே. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சென்சார் எண்ணைப் பார்த்துத் தாமாக அளவை மாற்றாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். உணவைக் கண்டாலே கணக்குப் போட்டு வருந்தும் இயல்புள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பேன்.

பணம் கட்டுவதற்கு முன்பு, உங்கள் கைப்பேசி செயலியின் ஏற்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், பெட்டியின் மேலுள்ள காலாவதித் தேதி போதிய தொலைவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவாக மிஞ்சும் பொருத்தும் கருவியில் ஊசி இருப்பதால் அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், பயன்படுத்திய ஊசிகளைப் பெற்றுக்கொள்ளும் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ கொடுத்துவிடுங்கள்.