எடை போடாத மீனுக்கு 164 யூரோ: தெசலோனிகி போகிறவர்கள் கவனத்துக்கு

கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் உள்ளூர்ச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று போய் வந்ததும் எழுதுகிறேன் என நண்பர்கள் பலரிடம் சொல்லியிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் அதில் நிற்கவில்லை. நேற்று முன்தினம் இரவு ஒரே ஒரு மேசையில் 164 யூரோவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது விமான நிலையத்தில் காத்திருக்கிறோம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அடுத்து போகிறவர் அதே மேசையில் உட்காருவார்.

அம்மாவுக்கு வயது 71. தூத்துக்குடிக்காரர். முதல் முறையாக வெளிநாடு வந்து ஜெர்மனியில் என்னோடு இரண்டு மாதமாக இருக்கிறார். எதையும் வாய்விட்டுக் கேட்காதவர். இந்த இரண்டு மாதத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடல் இருக்கிற ஊராகப் பார்த்து ஒரு முறை கூட்டிக்கொண்டு போ. நல்ல மீன் சாப்பிட்டு நாளாகிறது." அதற்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். 2021-ல் யுனெஸ்கோ உணவுக் கலைக்கான நகரங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஊர் இது. கிரேக்கத்தில் அந்தப் பெயரை முதலில் பெற்றதும் இதுதான்.

ஊரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் சாப்பிட்டதை மறைத்தால் அது அநியாயம். காலையில் தெருமுனை வண்டியில் குலூரி வாங்கினோம். எள் அப்பிய வளையம் போன்ற ரொட்டி, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. பிறகு புகாட்சா. மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே ரவைப் பாலேடு வைத்துச் சுட்டது. கடைக்காரர் அதைத் தட்டில்கூட வைப்பதில்லை. பலகையில் போட்டு அகலமான கத்தியால் டக் டக்கென்று கண் இமைப்பதற்குள் சின்னச் சதுரங்களாக நறுக்கி, மேலே சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவித் தருகிறார். ரவை வாசனை வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! 1922-23-ல் துருக்கிப் பக்கமிருந்து லட்சக்கணக்கான கிரேக்கர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். இந்த ஊரின் சமையலில் பாதி அவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் என்கிறார்கள். பட்டையும் சீரகமும் இங்கே தாராளமாகப் புழங்குவது அதனால்தான்.

மோதியானோ சந்தைக்கும் போனோம். ஊரின் மையப்பகுதி 1917-ல் தீயில் அழிந்த பிறகு, யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர் கட்டியது. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து 2022-ல்தான் மறுபடி திறந்தார்களாம். ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது அதன் பக்கத்திலிருக்கும் கபானி சந்தை. பனிக்கட்டி மேல் நெத்திலியும் மத்தியும் பளபளவென்று கிடக்கின்றன. ஒவ்வொரு குவியலிலும் விலை எழுதிய அட்டை செருகியிருக்கிறது. தராசின் முகம் வாங்குகிறவர் பக்கம் திரும்பியிருக்கிறது. வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவுகிறார்கள். அம்மா அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. "நம் ஊர் ஏலக்கூடம் மாதிரியே இருக்கிறது" என்றார்.

அந்தத் தராசை நான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

மேசை முன்பதிவு செய்யும் ஒரு செல்பேசிச் செயலி இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அதில் "பாரம்பரியக் குடும்பத் தவெர்னா" என்று போட்டிருந்த ஒரு கடையில் இருவருக்கு இடம் பதிந்தேன். தவெர்னா என்றால் அங்கே சாப்பாட்டுக் கடை. பாராட்டு மழையாக இருந்தது. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு. வாசலில் இரண்டு படிகள். அம்மா முழங்கால் வலியில் தயங்கியதைப் பார்த்ததும் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். கிரேக்கத்தில் அம்மாவை "மமா" என்றுதான் அழைப்பார்கள். "வாருங்கள் மமா, உட்காருங்கள் மமா" என்று முதுகுக்குத் தலையணை வைத்தார். நாங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் விழுதும் வந்தன. உணவுப் பட்டியலைத் திறந்தேன். மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்துவிட்டார். "பட்டியல் சுற்றுலாக்காரர்களுக்கு. நீங்கள் இன்று என் வீட்டு விருந்தாளிகள்."

பிறகு அம்மாவைக் கையோடு உள்ளே அழைத்துப்போய்ப் பனிக்கட்டிப் பெட்டி முன்னால் நிறுத்தினார். அம்மா வழக்கம்போல ஒரு மீனைத் தூக்கினார். செவுளை விரலால் விலக்கி நிறம் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நம் ஊர் விளைமீன் சாயலில் இருந்தது. சினாக்ரிதா என்று பெயர் சொன்னார்கள். அந்த மனிதர் கைதட்டிச் சிரித்து, "மமாவுக்கு எல்லாம் தெரிகிறது!" என்று மற்ற மேசைகளைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு வெட்கமும் பெருமையும். வந்த இரண்டு மாதத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் மதித்துப் பாராட்டியது அப்போதுதான். நான் விழுந்த இடமும் அதுதான்.

"என்ன விலை?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "பயப்படாதீர்கள், மமாவுக்கு நல்ல விலை போடுகிறேன்" என்று தோளைத் தட்டினார். இரண்டாவது முறை கேட்க நா எழவில்லை. அம்மா முகத்தில் அந்தச் சந்தோஷம் இருக்கும்போது காசுக் கணக்கு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. மீன் உள்ளே போய்விட்டது. எடை போட்டதை நான் பார்க்கவில்லை.

மீன் நன்றாகத்தான் இருந்தது. கரியில் சுட்டு எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றியிருந்தார்கள். அம்மா தலையை உறிஞ்சி, முள்ளை வரிசையாகத் தட்டோரம் அடுக்கிவைத்தார். கூட ஒரு சாலட், ஃபெத்தா பாலாடைக்கட்டியைத் தக்காளி, மிளகாயோடு மண்சட்டியில் சுட்டுத் தரும் புயுர்தி, எனக்குக் கொஞ்சம் ஒயின். அவ்வளவுதான்.

கையால் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மீன் 1.450 கிலோ, கிலோ 80 யூரோ வீதம் 116. சாலட் 12. புயுர்தி 9. ஒயின் 15. தண்ணீர் 4. நாங்கள் கேட்காத ரொட்டிக்கு ஆளுக்கு 4 வீதம் 8. ஆக மொத்தம் 164 யூரோ. நம் ஊர்க் கணக்கில் 15,000 ரூபாய்க்குக் குறையாது.

நான் அதிர்ந்துபோய் அம்மாவிடம் எடையை மட்டும் சொன்னேன். விலையைச் சொல்லவில்லை. அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "ஒன்றரைக் கிலோவா? கையில் தூக்கிப் பார்த்தவள் நான். முக்கால் கிலோ. கூடிப்போனால் எண்ணூறு கிராம். அதற்கு மேல் தேறாது" என்றார். ஐம்பது வருடமாக மீன் வாங்கிய கை அது. நான் அந்தக் கையைத்தான் நம்புகிறேன்.

தராசைக் காட்டச் சொன்னேன். மமா மமா என்று உருகிய அதே மனிதர் தட்டில் அம்மா அடுக்கிவைத்திருந்த முள்ளைச் சுட்டிக்காட்டினார். "சாப்பிட்டுவிட்டீர்கள். இப்போது எதை எடை போடுவது?" என்றார். குரல் மாறிவிட்டது. இன்னொருவர் வந்து உணவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பொடி எழுத்தில் கிலோ 80 என்று இருந்ததைக் காட்டினார். முறையான ரசீது கேட்டேன். இயந்திரம் பழுது என்றார்கள். கார்டு தேய்க்கும் இயந்திரம் மட்டும் பழுதில்லை! பக்கத்து மேசைகள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தன. அம்மா பதறி என் கையைப் பிடித்தார். ரகசிய எண்ணை அழுத்திவிட்டேன். 164 யூரோ.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அவர்களுடைய பட்டியலின் அடியிலேயே கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறது. அந்த நாட்டுச் சட்டமே அதுதான். புகார்ப் படிவம் வைக்கும் பெட்டியும் வாசலருகே தொங்கியது. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஒரு தாள்கூட இல்லை.

மறுநாள் காலை அம்மாவை ஹோட்டலில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துவிட்டு ஓர் இளைஞர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி ஊரில் இல்லையாம். திங்கள்கிழமை வரச் சொன்னார். நான் சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றேன். "அப்படியானால் மின்னஞ்சல் போடுங்கள்" என்றார். முகவரி கேட்டேன். முதலாளியிடம்தான் கேட்க வேண்டுமாம். குழாயை நிறுத்தாமலே பேசினார். என் செருப்பு நனைந்தது.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். "மேசை ஏற்பாடு செய்து தருவது மட்டுமே எங்கள் வேலை. விலை உங்களுக்கும் உணவகத்துக்கும் இடையிலானது" என்று பதில். சரி, நடந்ததை மற்றவர்கள் அறியட்டும் என்று அதிலேயே விமர்சனம் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறதாம். இன்றுவரை வெளிவரவில்லை. அந்தக் கடைக்கு எப்படி அத்தனை பாராட்டு குவிந்தது என்பது இப்போது புரிகிறது. வங்கிக்குத் தொலைபேசினேன். இருபது நிமிடம் இசையைக் கேட்கவைத்த பிறகு, ரகசிய எண்ணை நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள், ஆகவே இது உங்கள் ஒப்புதலோடு நடந்த பரிமாற்றம் என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகப் பேசினார்கள். மூன்று இடத்திலும் கதவைச் சாத்தினார்கள்.

சாப்பிட்டதற்கான நியாயமான விலையைக் கழித்துவிட்டு, ஏமாந்தது எவ்வளவு என்று பார் என்கிறார் கணவர் தொலைபேசியில். என்னால் முடியாது. எனக்கு 164 யூரோவும் போனதுதான். நேற்று மதியம் கபானி பக்கம் ஒரு சின்னக் கடையில் மஸ்ஸல் சிப்பி போட்ட சோறு வாங்கித் தந்தேன். ஊரை ஒட்டிய வளைகுடாவிலேயே வளர்க்கிற சிப்பி, அந்த ஊரின் பேர்பெற்ற சாப்பாடு. விலை எழுதியிருந்தது, அதையேதான் வாங்கினார்கள். அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இதற்குள் எப்படியோ தொகை அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. "நான் மீன் கேட்டிருக்கக் கூடாது. பேசாமல் அந்த ரவை பலகாரத்தையே சாப்பிட்டிருக்கலாம்" என்றார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 71 வயதில் ஒரு மீன் ஆசைப்பட்டதற்கு அவர் குற்ற உணர்ச்சியோடு ஊர் திரும்ப வேண்டுமா?

எங்கே சாப்பிடலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன். விமானத்துக்கு வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன்.

பெரிய மீன் எல்லாம் அங்கே கிலோ கணக்கு. அடுப்புக்குப் போகுமுன் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லி, மொத்த விலையை எழுதி வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நெத்திலி, மத்தி போன்ற பொடி மீன்களுக்குத் தட்டுக்கு இவ்வளவு என்று விலை இருக்கும். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான். கேட்காமல் வரும் ரொட்டியை வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள். மெனுவை யார் மூடினாலும் திரும்பத் திறங்கள். உறைய வைத்த மீனாக இருந்தால் பட்டியலில் குறித்திருக்க வேண்டும், அடிக்குறிப்பைப் பாருங்கள். ரசீது வராமல் கார்டை நீட்டாதீர்கள். தகராறு வந்தால் மேசையில் இருந்தபடியே சுற்றுலாக் காவல்துறைக்கு, 1571, அழையுங்கள். இந்த எண்ணை ஹோட்டல் வரவேற்பறைப் பெண் எனக்குச் சொன்னது மறுநாள் காலையில், எல்லாம் முடிந்த பிறகு. புகாட்சா, குலூரி, கபானி மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். திங்கள்கிழமை வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் அனுப்பப் போகிறேன். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். 164 யூரோவில் ஒரு யூரோ திரும்பி வந்தாலும் இந்தப் பதிவின் கீழேயே சேர்க்கிறேன்.