சுண்டெலி இதயத்துக்கு ஒரு எக்கோ: பொது ஆய்வுக்கூடத்தில் வீவோ 3100

இதய ஆராய்ச்சி நடக்கும் மருத்துவக் கல்லூரிகளில், பல ஆய்வுக் குழுக்கள் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பங்கிட்டுக்கொள்ளும் கருவிகளில் ஒன்று ஃபியூஜிஃபில்ம் விஷுவல்சோனிக்ஸின் வீவோ 3100. சிறு விலங்குகளுக்கான அல்ட்ராசவுண்ட் இது. படம் அருமையாக வரும். கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்பது மட்டும் கருவியை விட, அதை வைத்திருக்கும் கூடத்தைப் பொறுத்தது.

சுண்டெலியின் இதயச் சுவர் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன்தான். துடிப்போ நிமிடத்துக்கு 500-க்கு மேல். மனிதருக்கான எக்கோ புரோப் (உடலின் மேல் வைத்து ஒலியை அனுப்பிப் பெறும் கைப்பகுதி) இங்கே உதவாது. 30 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட எம்எக்ஸ்400 புரோப் 50 மைக்ரான் அளவு நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும். அதே புரோப்பைப் பெரிய எலிக்கு வைத்தால் ஒலி ஆழம் போகாது. அதற்கு 21 மெகாஹெர்ட்ஸ் எம்எக்ஸ்250 வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எந்த புரோப் என்று குறிப்பிட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலான தவறுகள் புரோப்பைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் 2 முதல் 3 சதவீதம். மயங்கியதும் 1 முதல் 1.5-க்கு இறக்க வேண்டும். முடி நீக்கும் கிரீமை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் தோல் புண்ணாகும். முடி போன மார்பில் குளிர்ந்த ஜெல்லைப் பூசினால் உடல் வெப்பம் சட்டென்று இறங்கும், கூடவே துடிப்பும் இறங்கும். அதனால் ஜெல்லை வெதுவெதுப்பாக்கி, மேடையையும் சூடாக வைத்து, மலக்குடல் வெப்பமானியில் 37 டிகிரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதங்களை ஈசிஜி தகடுகளில் ஒட்டும்போது எலக்ட்ரோடு கிரீம் குறைந்தால் அலை வடிவமே வராது.

துடிப்பு 450-க்குக் கீழே இருக்கும்போது எடுத்த அளவை, 500-ல் எடுத்ததோடு ஒப்பிடவே கூடாது. ஆழ்ந்த மயக்கம் இதயத்தின் சுருக்கத்தைக் குறைத்துவிடும். மருந்தால் வந்த வித்தியாசம் என்று எழுதப்படுவது மயக்க வாயுவால் வந்ததாகவும் இருக்கலாம். மைட்ரல் வால்வு வழியே ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் மைட்ரல் டாப்ளருக்கு மட்டும் இது தலைகீழ்: வேகமான துடிப்பில், இடது கீழறை நிரம்பும் இரு கட்டங்களைக் காட்டும் இ, ஏ அலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே டாப்ளரைக் கடைசிக்கு வைத்து, மயக்கத்தைச் சற்றுக் கூட்டி எடுக்க வேண்டும்.

ஒரே கோட்டில் சுவர் அசைவதை நேரத்தோடு காட்டும் எம்-மோடில் ஒரு கோடு போட்டு எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (கீழறையிலுள்ள ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் சதவீதம்) வாங்குவது சுலபம். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி சுருங்கும் இதயத்துக்கு அது போதும். இடது முன் ரத்தக்குழாயைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கிய சுண்டெலிக்குப் போதாது. நுனிப்பகுதி செத்துக் கிடக்கும்; கோடு விழுவதோ நடுவில் நன்றாகச் சுருங்கும் இடத்தில். எண் பொய்யாக உயரும். அங்கே நெடுக்குவெட்டுப் படத்தில் உள்விளிம்பை வரைந்து, கீழறையை அடுக்கடுக்கான தட்டுகளாகப் பிரித்துக் கொள்ளளவைக் கூட்டும் சிம்ப்சன் முறையில் கணக்கிடுவதே சரி. மூச்சு இழுக்கும் துடிப்புகளை ஒதுக்கி, மூன்று முதல் ஐந்து துடிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

இவ்வளவும் கைப்பழக்கம். ஒரு ஆய்வுக்குரிய எல்லா விலங்குகளையும் ஒரே ஆபரேட்டரிடம், எது எந்தக் குழு என்று சொல்லாமல் கொடுக்கும் கூடம் கிடைத்தால் கூடுதல் கட்டணம் தாராளமாகக் கொடுக்கலாம். சாவியை மட்டும் கொடுத்து "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்னும் இடம் மலிவு. ஆனால் பழகும்வரை வரும் அளவுகளை வீசியெறியத்தான் வேண்டும். ஒரு விலங்குக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். பத்து விலங்குகளுக்கு மூன்று மணி நேரம் பதிவு செய்தால், மேடை சூடாகவும் துடைக்கவும் நேரம் மிஞ்சாது. பகுப்பாய்வு மென்பொருளின் உரிமம் எத்தனை கணினிகளுக்கு இருக்கிறது என்றும் விசாரியுங்கள். உரிமம் குறைவாக இருந்தால், அளவெடுப்பதை விட வரிசையில் காத்திருப்பது நீண்டுவிடும்.

கருவி விலங்குக் காப்பகத்தின், கிருமி புகாமல் காக்கும் தடுப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இதை முதல் நாளே கேட்க வேண்டும். வெளியே போன சுண்டெலியைத் திரும்ப உள்ளே சேர்க்காத காப்பகங்கள் உண்டு. அப்படியானால் வாரா வாரம் அதே விலங்கை அளக்கும் திட்டம் முதல் வாரத்திலேயே நின்றுபோகும்.